ஆள் ஏற்றிப் பார்க்காத கார்

கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்ற கார்களின் டயர்களை சமுத்திரம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பட்டு வேட்டியோடு இரும்பு லீவரைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதால் செருப்புக் காலால் தட்டினார். உள்ளே அவருடைய ஒரே மகள் விஜிக்குத் தாலி கட்ட நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவரை அழைத்து வரச் சொல்லி மனைவி சுந்தரம்மாள் அனுப்பிய ஆளும் திரும்பவில்லை. அவனும் சமுத்திரத்தோடு குனிந்து ஒரு வேனின் பின்டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவளே வாசலுக்கு வந்தாள்.

“ஊரான் டயருக்குக் காவல் காத்தது போதும். உள்ள வாங்க, பொண்ணக் குடுக்கணும்.”

அவர் குடியிருக்கும் மடவார் வளாகத்தில் இதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சமுத்திரமும் கூடச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே, சொன்னவரின் பைக் டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்.

அவர் பிறந்தது சோழபுரம். அப்பாவின் நிலம் அண்ணன்மாருக்கே பற்றவில்லை. மீசை முளைக்கும் முன் ராஜபாளையத்தில் நூல் ஏற்றும் லாரியில் கிளீனராக ஏறினார். லாரி எங்கே நின்றாலும் டிரைவர் டீக்கடைக்குப் போவார். கிளீனர் லீவரை எடுத்துக்கொண்டு எல்லா டயரையும் தட்ட வேண்டும். காற்று நிறைந்த டயர் லீவரைத் திருப்பித் தள்ளும். குறைந்த டயர் ‘பொத்’தென்று வாங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கம் உடம்பில் ஏறிவிட்டது. தட்டாத வண்டியில் ஏறினால் அவருக்கு இருக்கை கொள்ளாது. கோயிலுக்குப் போகும் பஸ்ஸிலிருந்து இறங்கித் தட்டிவிட்டு ஏறி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் ரோட்டில் சொந்தமாக டயர் கடை வைத்தார். கடையில் இரண்டு நாற்காலிகள். இரண்டும் வருகிறவர்களுக்கு. அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வேலை இல்லாத நேரத்தில் ரோட்டோரம் போய் நின்று, போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்பார். பக்கத்து டீக்கடைத் தவசிமுத்து கேட்பார்:

“என்னண்ணே, போறது யாரு?”

“யாரோ. முன்னாடி இடது பக்கம் டயரத் தின்னுருக்கு. அலைன்மென்ட் பாக்கணும்.”

“கையக் காட்டி நிறுத்திச் சொல்ல வேண்டியதான.”

“சொன்னா யாவாரத்துக்குச் சொல்லுதாம்பான்.”

“உம்ம எக்செல் மொபெட்டு பின்டயரு மொட்டையா இருக்கே, அது கண்ணுல படாதா?”

“அது ஓடிக்கிட்டுத்தானடே இருக்கு” என்பார் சமுத்திரம்.

கடையில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கம்பெனி கொடுத்த வீலைக் கழற்றிவிட்டு அகலமான அலாய் வீல் போட வருகிறவர்கள் இப்போது அதிகம். காலியாக நிற்கும் காரில் எந்த டயரும் அழகாகத்தான் பொருந்தும். ஆனால் இந்தப் பக்கத்துக் கார் காலியாக ஓடுவது கடையிலிருந்து வீடு வரைக்கும்தான். அதற்குப் பிறகு மாசியில் குலசாமி கோயிலுக்குப் போகும்போது அதில் எட்டுப் பேர் இருப்பார்கள். பொங்கல் பானை, அரிசி, விறகு, சில சமயம் கால் கட்டிய கிடா. கார் பின்னால் தணியும்போதுதான் டயர் மட்கார்டில் உரசும். அதனால் புது டயர் மாட்டியதும் பக்கத்து சிமெண்ட் கடை லோடுமேன்கள் நான்கு பேரைக் கூப்பிட்டுப் பின்சீட்டில் உட்கார வைப்பார். தவசிமுத்துவை முன்னால். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பி, கடைக்கு எதிரே இருந்த வேகத்தடையில் ஏற்றி இறக்கி, காதைக் கொடுத்துக் கேட்பார். சத்தம் இல்லையென்றால்தான் சாவியைக் கொடுப்பார். இதற்கு ஆள் ஏற்றிப் பார்ப்பது என்று பெயர். லோடுமேன்களுக்கு டீ. “அண்ணே, இந்தக் கார்ல ஏசி இருக்கா, ஒரு ரவுண்டு சேத்துப் போங்க” என்பார்கள் அவர்கள்.

கல்யாணம் முடிந்து வந்த தலை தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு மருமகன் பிரேம்குமார் கடைக்கு வந்தான். ராஜபாளையம் பக்கத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். மரியாதையான பையன். கல்யாணத்தில் அது வேண்டும் இது வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அதுவே சுந்தரம்மாளை அரித்துக்கொண்டிருந்தது. “தல தீவாளிக்கு மாப்பிள்ளை வாயத் தொறந்து எதுவும் கேட்டா, இல்லன்னு மட்டும் சொல்லிராதீங்க” என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிரேம்குமார் தன் காரின் டிக்கியைத் திறந்தான். போர்வையில் சுற்றி நான்கு அலாய் வீல்கள். கோயம்புத்தூரில் யாரோ கழற்றி விற்றது. கருப்பு நிறம், ஓரத்தில் வெள்ளி வளையம். அவனே சோப்புப் போட்டுக் கழுவி, பல் துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்திருந்தான்.

“தீபாவளிக்கு வேற எதுவும் வேண்டாம் மாமா. இதுக்கு டயர் மட்டும் போட்டுக் குடுங்க.”

சமுத்திரம் ஒரு வீலைப் படுக்க வைத்தார். தேவைக்கு மேல் அகலமாக இருந்தது.

“ஒன்பதரை இன்ச்சு மாமா. டேப் வச்சு அளந்துட்டேன்.”

“வெளி ஓரத்துல அளந்திருப்பீங்க மாப்பிள்ளை. டயர் உக்காருத எடத்துலதான் அளக்கணும்.” உட்புறம் அச்சடித்திருந்ததைத் துடைத்துப் பார்த்தார். பதினேழு இன்ச் வட்டம், எட்டரை இன்ச் அகலம். அந்தக் காருக்குக் கம்பெனி கொடுத்திருப்பது பதினைந்து வட்டத்தில் ஆறு அகலம். அவருக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வீலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு காரைச் சுற்றி ஒரு நடை.

எட்டரை இன்ச் வீலில் முறையாக உட்காருவது 225 மில்லிமீட்டர் அகல டயர். அவரிடம் ஒன்று இருந்தது. அதை ஒரு வீலில் ஏற்றி, பின்பக்கம் மாட்டி, ஜாக்கியை இறக்கினார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையவில்லை. அவரே டிக்கியில் ஏறி உட்கார்ந்து குதித்தார். கரக், கரக் என்றது. வெளியே நின்று குனிந்து பார்த்த பிரேம்குமாரின் முகம் சின்னதாகிவிட்டது.

“இடிக்குது மாமா.”

“ஆமா.”

“அப்ப 195 போட்டு இழுத்து மாட்டிருவோம். எங்க ஊர்ல நெறைய பேரு அப்படித்தான் ஓட்டுறாங்க.” செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினான். ஒல்லி டயரை அகல வீலில் ஏற்றி, வேகமாகக் காற்றடித்து, டயரின் ஓரங்கள் இரண்டு பக்கமும் பட், பட்டென்று போய் ஒட்டுகின்றன. டயர் உள்ளே ஒடுங்கிக்கொள்ள, வீலின் விளிம்பு வெளியே பளபளக்கிறது. எங்கும் உரசல் இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சமுத்திரத்துக்குச் சொல்ல வேண்டியது தெரிந்திருந்தது. வீலுக்குச் சரியான டயர் காருக்கு ஆகவில்லை. காருக்கு ஆகிற டயர் வீலுக்கு ஆகாது. ஆகையால் தப்பு டயரில் இல்லை. வீலே இந்தக் காருக்குரியது இல்லை. பதினாறு வட்டத்தில் ஆறரை அகலமாக ஒன்று வாங்கியிருந்தால் 195-ஐயே முறையாக மாட்டலாம், உயரமும் கம்பெனி டயர் அளவுக்கே நிற்கும். இழுத்து மாட்டினால் டயரின் பக்கச் சுவர் சாய்ந்து நிற்கும். ஒரு குழியில் ஓங்கி விழுந்தால் டயர் ஓரம் விளிம்பை விட்டு நழுவலாம். இன்னொன்றும் உண்டு. டயரில் அளவுக்குப் பின்னால் ஒரு சின்ன எண் இருக்கும். யாரும் படிப்பதில்லை. அது எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கான எண். கம்பெனி டயரில் 88. அந்த ஒல்லி டயரில் 81. ஒரு டயருக்கு ஒரு பெரிய ஆள் கணக்கில் குறைகிறது.

வேறு யாராக இருந்தாலும் “இந்த வீலத் திரும்பக் கட்டி எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லியிருப்பார். சொல்லி எத்தனையோ பேரை அனுப்பியும் இருக்கிறார். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்த இடுக்குகளைப் பார்த்தார்.

“மதுரைல சொல்லி வரவழைக்கேன் மாப்பிள்ளை” என்றார்.

டயர்கள் பார்சல் லாரியில் வந்தன. தீபாவளிக்கு முந்திய நாள் மாட்டினார். டயர் ஓரம் ஒட்டுவதற்கு வழக்கத்தைவிட அதிகக் காற்று கேட்டது. ஒட்டியபோது எழுந்த சத்தத்துக்குத் தவசிமுத்து டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே, உம்ம வெடி இன்னைக்கேவா?”

காரை இறக்கியதும் தவசிமுத்து வழக்கப்படி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏற வந்தார். சிமெண்ட் கடையிலிருந்து லோடுமேன் ஒருவர், உடம்பெல்லாம் சாம்பல் பூத்து, எழுந்து நின்று கூப்பிடட்டுமா என்பதுபோலப் பார்த்தார். காருக்குள் புது சீட் கவர். சந்தன நிறம். பிரேம்குமார் கதவின் மேல் வைத்திருந்த கையை எடுக்கவில்லை.

“இன்னைக்கு வேண்டாம்டே” என்றார் சமுத்திரம். “மாப்பிள்ளை காரு.”

அவ்வளவுதான் நடந்தது. சாவியைக் கொடுத்துவிட்டார்.

தீபாவளி அன்று காலை ராஜபாளையத்திலிருந்து சம்பந்தி பரிபூரணமும், பிரேம்குமாரின் அக்கா மாரிச்செல்வியும், அவள் கணவரும், இரண்டு பிள்ளைகளும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, எல்லோருமாக வத்திராயிருப்பில் பிரேம்குமாரின் பெரியம்மா வீட்டுக்கு மதிய விருந்துக்குப் போவது ஏற்பாடு. பெண்வீட்டுச் சீரையும் அப்படியே கொண்டுபோக வேண்டும். சுந்தரம்மாள் டிக்கியை நிரப்பினாள். அரிசி மூட்டை, எண்ணெய் டின், பித்தளை அண்டா, அண்டாவுக்குள் முறுக்கும் அதிரசமும். சமுத்திரம் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்று ஏறும்போதும் கார் எவ்வளவு தணிகிறது என்று பார்த்தார்.

“அண்டாவப் பொறவு குடுத்து விடலாமே” என்றார்.

“ஏன், இப்பக் குடுத்தா என்ன? பொண்ணு வீட்டுல அண்டா இல்லன்னு பேசவா?”

பரிபூரணம் முன்னால் ஏறினாள். பின்னால் விஜி, மாரிச்செல்வி, அவள் கணவர், மடியில் இரண்டு பிள்ளைகள். கார் பின்னால் உட்கார்ந்தேவிட்டது. சமுத்திரம் குனிந்து பார்த்தார். டயர் எங்கும் உரசவில்லை. தெருமுனைப் பள்ளத்தில் கார் இறங்கி ஏறியபோதும் சத்தமில்லை. அதுதான் அவரை ஆட்டிவிட்டது. அந்த 225 இருந்திருந்தால் இந்நேரம் கரகரவென்று கத்தியிருக்கும். எல்லோரும் இறங்கியிருப்பார்கள். இது கத்தாது. கத்தாமலேயே போய்க்கொண்டிருந்து, ஒரு குழியில் விட்டுவிடும்.

வீட்டுக்குள் வந்தார். தண்ணீர் குடித்தார். வாசலுக்குப் போனார். மறுபடி உள்ளே வந்து அதே செம்பை எடுத்தார்.

“எதுக்கு இப்படி அலையுதீய?” என்றாள் சுந்தரம்மாள்.

“கடைய ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்.”

“தீவாளியன்னைக்கு யாரு டயரு வாங்க வருவா?”

அவர் எக்செல்லை எடுத்தார். கடையைத் திறந்து ஜாக்கி, வீல் ஸ்பானர், கால்பம்பு, லீவர் நான்கையும் சாக்கில் கட்டி முன்னால் வைத்துக்கொண்டார். கிருஷ்ணன்கோவில் ரோட்டில் வண்டியை விட்டார்.

இரவு பெய்த மழையில் ரோடு முழுக்கச் சிவப்பு வெடிக்காகிதம் ஊறிக் கிடந்தது. குழிகள் தண்ணீர் நிறைந்து, ஆழம் தெரியாமல் தரையோடு தரையாகத் தெரிந்தன. ஒவ்வொரு குழியையும் பார்த்தபடி போனார். இதில் பிரேம்குமார் இறங்கியிருப்பானா, ஒதுங்கியிருப்பானா. ஏழு பேர் இருக்கும் காரை எப்படி ஒடித்துத் திருப்புவது. ஒடித்தாலும் டயர்தான் தாங்க வேண்டும்.

கிருஷ்ணன்கோவிலில் வத்திராயிருப்புக்குத் திரும்பியதும் ரோட்டின் நடுவே கருப்பாக ஒரு ரப்பர்த் துண்டு கிடந்தது. வண்டியைக் கீழே போடாத குறையாக இறங்கிப் போய் எடுத்தார். லாரி டயரில் ஒட்டிய பட்டை. பழையது, வெயிலில் வெடித்தது. தெரிந்துவிட்ட பிறகும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிரே வந்த பைக்காரன் “என்ன அண்ணாச்சி, தீவாளிக்கு லாபமா?” என்று கேட்டுக்கொண்டு போனான். துண்டை ஓரத்தில் எறிந்தார்.

ஒரு கண்மாய்க் கரை திருப்பத்தில் கூட்டம். பத்து இருபது பேர் எதையோ சுற்றி நின்று குனிந்திருந்தார்கள். சமுத்திரத்தின் கையில் ஆக்சிலேட்டர் தானாகக் குறைந்தது. இறங்கி, சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். கூட்டத்தை விலக்கிப் பார்த்தால் ஆட்டுக்கறி. ஒருவர் கூறு போட்டுக்கொண்டிருந்தார்.

“பின்னால வாங்கய்யா, எல்லாரும் காத்துத்தான நிக்கோம்” என்றது ஒரு குரல்.

வத்திராயிருப்பில் தென்னந்தோப்பை ஒட்டிய தெருவில் கார் நின்றது. நான்கு சக்கரத்தில் நின்றது. அதைப் பார்த்தபின் அவர் திரும்பிப் போயிருக்கலாம். யாரும் அவரைப் பார்க்கவில்லை. உள்ளே சாப்பாட்டு இரைச்சல். ஆனால் லீவர் கையில் இருந்தது. முன்டயர் இரண்டையும் தட்டினார். நன்றாகத்தான் திருப்பித் தள்ளின. பின்னால் வலது பக்கமும் அப்படியே. பின்னால் இடது பக்கம் ‘பொத்’தென்றது.

மண்டி போட்டு உட்கார்ந்தார். வெள்ளி வளையத்தில் புதிதாக ஒரு சிராய்ப்பு. டயர் ஓரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு நூல் அளவு செம்மண் போயிருந்தது. மண் போக முடியாத இடம் அது. ஏதோ ஒரு குழியில் டயர் ஓரம் ஒரு கணம் வாய் திறந்து, காற்றை விட்டு, மண்ணை வாங்கி, மறுபடி மூடியிருக்கிறது. அந்த ஒரு கணம் காருக்குள் யாருக்கும் தெரிந்திருக்காது. பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்திருப்பார்கள்.

பம்பைப் பொருத்திக் காற்றடிக்கத் தொடங்கினார்.

“அப்பா?”

வாசல் படியில் விஜி, கையில் எச்சில் இலையோடு. புதுப் பட்டுச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

“இங்க என்னப்பா பண்ணுதீய?”

“சும்மா வந்தேன்.”

“பம்பத் தூக்கிக்கிட்டா?” இலையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவர் காட்டவில்லை, அவளே குனிந்து, அவர் பார்த்த இடத்தைப் பார்த்தாள். டயர் கடைக்காரர் மகள். “மண்ணு உள்ள போயிருக்கே.”

“காத்தடிச்சிருதேன்.”

“நல்லாச் சொல்லுங்க. இதுல ஏறலாமா, ஏறக்கூடாதா?”

“ரெண்டு பேரு போலாம்.”

“ஏழு பேருல்லாப்பா வந்தோம்.”

அவர் பம்பை மிதித்துக்கொண்டிருந்தார்.

“கடையில ஆள் ஏத்திப் பாப்பியளே. இதுக்குப் பாத்தியளா?”

“இல்ல.”

“ஏன்?”

“மாப்பிள்ளை கார்ல லோடுமேன எப்படிட்டி ஏத்த?”

விஜி அந்தச் செம்மண் கோட்டை விரலால் துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அதான் எங்கள ஏத்திப் பாத்துட்டியளா?”

சமுத்திரத்தின் கால் பம்பின் மேலேயே நின்றுவிட்டது.

உள்ளே கூப்பிட்டு இலை போட்டார்கள். எப்படி வந்தீர்கள் என்று கேட்டவர்களிடம், இந்தப் பக்கம் ஒரு ஆளைப் பார்க்க வந்தேன் என்றார். பிரேம்குமார் நம்பவில்லை என்பது அவன் பரிமாறிய விதத்தில் தெரிந்தது. இரண்டு தரம் ரசம் ஊற்றினான். ஒரு தரமும் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் சமுத்திரத்துக்குச் சொல்லத் தெரியாது. மனதுக்குள் திரும்பும் வழியின் குழிகளை வரிசையாக எண்ணிக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்வதற்குள் கிளம்பலாம் என்று எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். சீர்ச் சாமான் இறங்கிவிட்டது. அதன் இடத்தில் தேங்காய் மூட்டை ஒன்று ஏறியிருந்தது. மாரிச்செல்வி கதவைத் திறந்து விஜியை முதலில் ஏறச் சொன்னாள். விஜி எக்செல் பக்கம் போய் நின்றாள்.

“நான் அப்பாகூட வண்டில வாரேன்.”

தெருவே பார்த்தது. தலை தீபாவளிக்கு வந்த பெண், புருஷன் காரை விட்டுவிட்டு அப்பாவின் எக்செல்லில். மாரிச்செல்வியின் கணவர் தொண்டையைக் கனைத்தார். பரிபூரணம் முகம் இறுகி, “என்னம்மா, என்ன கோவம்? பிரேமு எதுவும் சொன்னானா?” என்றாள்.

“கோவமெல்லாம் இல்ல அத்த. கார்ல வெயிட்டு சாஸ்தி.”

அந்த வார்த்தை போய்ச் சேர்ந்த இடம் சரியில்லை. பரிபூரணம் கனத்த உடம்புக்காரி. அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சமுத்திரம் நடுவே வந்துவிட்டார்.

“தங்கச்சி, உங்கள இல்ல. தப்பு என் பேர்ல. அந்த வீலுக்கு ஆகாத டயர மாட்டிட்டேன். வரும்போதே ஒரு பக்கம் வாயத் தொறந்துருக்கு.”

“நான் கேட்டதத்தான் மாமா மாட்டுனாங்க” என்றான் பிரேம்குமார். காதுகள் சிவந்திருந்தன.

“கேட்டாலும் மாட்டியிருக்கக் கூடாது.”

“அப்ப வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. நான் என்ன உங்களக் கடிச்சா திங்கப் போறேன்?”

“தல தீவாளி மாப்பிள்ளை. முதத்தடவையா ஒண்ணு கேட்டீங்க.”

“அதுக்கு?” அவன் காரைப் பார்த்தான், அக்காவின் பிள்ளைகளைப் பார்த்தான். “இதுகளையும் வச்சுக்கிட்டுல்ல ஓட்டிட்டு வந்தேன். ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே கையாட்டி வழியனுப்புனீங்க.”

சமுத்திரம் வேட்டி நுனியை எடுத்து, மடித்துக் கட்டி, மறுபடி இறக்கிவிட்டார்.

பரிபூரணம்தான் பேசினாள். “நல்லாருக்குய்யா. மாமனும் மருமகனும் மாத்தி மாத்தி மரியாத குடுத்து எங்கள ரோட்டுல உருட்டியிருப்பீய. ஏட்டி செல்வி, பஸ்ஸு எம்புட்டு நேரத்துல வரும்னு கேளு. அண்ணே, பஸ்ஸு டயராவது தட்டிப் பாத்துச் சொல்லுவீயளா, அதுக்கும் மரியாதையா?”

யாரோ சிரித்தார்கள். மாரிச்செல்வியின் சின்னவன் தனக்குக் கார்தான் வேண்டும் என்று அழுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து நின்றபோது சமுத்திரம் உண்மையிலேயே குனிந்து அதன் டயரைப் பார்த்தார். “போலாம்” என்றார். பரிபூரணம் ஏறி, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். தேங்காய் மூட்டையும் பஸ்ஸில் போனது.

எக்செல் முன்னால் போனது. விஜி ஒருக்களித்து உட்கார்ந்து, அப்பாவின் தோளில் ஒரு கையை ஊன்றியிருந்தாள். கண்ணாடியில் கார் தெரிந்தது. காலியாக, பின்பக்கம் தூக்கிக்கொண்டு, சக்கரத்துக்கு மேல் ஒரு கைப்பிடி இடைவெளியோடு, எக்செல் போகிற வேகத்துக்கே வந்தது. ஒவ்வொரு குழியிலும் அது ஒதுங்குகிறதா என்று பார்த்தார். ஒதுங்கியது.

கண்மாய்க் கரை தாண்டியதும் விஜி சொன்னாள்: “அப்பா, நம்ம பின்டயர்ல காத்து இல்லையோ? கீழ தட்டுது.”

“ரோடு அப்படி.”

“ரோடு இல்லப்பா.”

இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு வண்டி பாம்பு போல நெளிந்தது. ஓரமாக நிறுத்தினார். பின்னால் காரும் நின்றது. பிரேம்குமார் இறங்கி வந்து எக்செல்லின் பின்டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினான். ‘பொத்’தென்றது. குனிந்து விரலால் தடவினான். டயரில் கோடு என்று ஒன்றும் மிச்சமில்லை, உள்ளிருந்த நூல் தெரிந்தது. நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தான். முதல் தடவையாகச் சிரிப்பு வந்துவிடுமோ என்பதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“விஜி, கார்ல ஏறு” என்றான். “ரெண்டு பேரு போலாம்னு அவங்கதான சொன்னாங்க.”

விஜி அப்பாவைப் பார்த்தாள். அவர் சொன்னதுதான். இரண்டு பேர் போகலாம். காற்றும் அடித்திருக்கிறது. இருந்தும் தலையை ஆட்ட அவருக்கு நேரம் பிடித்தது.

“குழியில எறக்காதீங்க மாப்பிள்ளை.”

“சரி.”

“நாளைக்குக் காலைல கடைக்குக் கொண்டு வந்துருங்க. பழைய வீலெல்லாம் அங்கதான் இருக்கு.”

“கொண்டு வாரேன். எத மாட்டணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் வாயே தொறக்கல.”

“நீங்க தொறங்க” என்றார் சமுத்திரம். “நான் வேண்டாம்னு சொல்லுதேன்.”

கார் கிளம்பியது. அவர் சாக்கை அவிழ்த்துப் பம்பை எடுத்து, எக்செல்லின் வால்வில் பொருத்தினார். மிதிக்கவில்லை. தலையைச் சாய்த்து, ரோட்டில் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். அகல வீலில் ஒல்லி டயர், ஈர ரோடு, இரண்டு பேர். ஓர் இடத்தில் சத்தம் தணிந்து, கொஞ்சம் விலகி, மறுபடி நேராயிற்று. அங்கே ஒரு குழி இருப்பதை வரும்போதே பார்த்திருந்தார். கிருஷ்ணன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு லாரி வந்து அந்தச் சத்தத்தை மூடியது. லாரி போன பிறகு எதுவும் கேட்கவில்லை. அதற்கு அப்புறமும் சற்று நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, பம்பின் மேல் காலை வைத்தார்.